நான்காம் ஒலி

ஆட்-பாஷி மருத்துவமனையில்
ஹீட்டர் வேலை செய்வது ஒரே அறையில்தான்.
எக்கோ இயந்திரம் அங்கே. அதனால் நானும் அங்கே.

ஜிர்கால்பெக் குதிரையை வாசல் கம்பத்தில் கட்டிவிட்டு வந்தார்.
அறுபத்திரண்டு வயது. வலி கிலி எதுவுமில்லையாம்.
"மேய்ச்சலுக்கு மேலே ஏறும்போது மட்டும்
குதிரைக்கு மூச்சு வாங்குகிறது."
குதிரைக்கா?
"சரி, ரெண்டு பேருக்கும்."

கைப்பட்டையில் காற்றடித்தேன்.
மேலே நூற்றுத் தொண்ணூறு, கீழே நூற்றுப் பத்து.
எத்தனை வருடமாக என்று அவருக்கும் தெரியாது.
ஓசைப்படாமல் ஏறுகிற தண்ணீரை
யார் எழுந்து பார்க்கிறார்கள்?

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன்.
ஜெல் சில்லென்று பட்டதும் ஒரு கெட்ட வார்த்தை,
பின்னாலேயே ஒரு மன்னிப்பு.

சாம்பல் திரையில் இதயம் வந்தது.
இடது கீழறையின் சுவர்
பத்து மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டியது,
பதினாறு.
வேறு இடத்தில் வைத்து அளந்தேன்.
பதினாறு.

"தடித்திருந்தால் பலம்தானே?"
இளமையில் மல்யுத்தம் செய்தவர். கேட்கத்தான் செய்வார்.

எப்படிச் சொல்வது.
ஒவ்வொரு துடிப்பிலும்
எதிரே அழுத்தும் கதவைத் தோளால் முட்டித் திறந்து,
நாளுக்கு ஒரு லட்சம் முறை முட்டி,
தசை இழைகள் பருத்தன.
இழைக்கும் இழைக்கும் நடுவே
ஆறிய காயம்போல் நார் படர்ந்தது.
கூடாரத்துக்கு வெளியே கம்பளி போர்த்தினால் குளிர் போகும்,
உள்பக்கமாகப் போர்த்திக்கொண்டே வந்தால்
படுக்கிற இடம் போகும் என்றேன்.
அதற்கு மட்டும் தலையாட்டினார்.

இறைப்பதில் குறையில்லை.
நூற்றுக்கு அறுபத்தைந்து. அந்த எண்ணை மட்டும் பார்க்கிறவர்
வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுவார்.
இறுக்கத் தெரிந்த இதயம் அது.
இளகத்தான் மறந்துபோயிற்று.
அடுத்த துடிப்புக்கான ரத்தம் வாசலில் வந்து நிற்கிறது,
உள்ளே வா என்று விரிய முடியவில்லை.

ரத்தம் நுழையும் வேகத்தை வரைந்தேன். இரண்டு சிகரங்கள்.
முதலாவது உயரமாக இருக்கவேண்டும்.
இவருக்கு முதலாவது மேடு, அடுத்தது மலை.
மேலறை பாவம், தன் கடைசி மூச்சைக் கூட்டித் தள்ளுகிறது.
தள்ளித் தள்ளி அதுவும் பெருத்துவிட்டது.
பின்வாங்கிய அழுத்தம் நுரையீரலுக்குப் போகிறது,
ஏற்றத்தில் குதிரையின்மேல் பழி விழுகிறது.

இயந்திரத்தை அணைத்தேன்.
ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் கேட்டது:
லப்புக்கு முன்னால் ஒரு தட்டல்.
எண்ணிக்கையில் நான்காவது, வரிசையில் முதலாவது.
ஈர மண்ணில் குளம்பு பதிவதுபோல்.
குதிரைப் பாய்ச்சல் என்றுதான் எங்கள் பாடத்தில் பெயர்.
அதை அவருக்குச் சொல்லவில்லை.
குழாயைக் கழற்றி அவர் காதில் மாட்டினேன்.

கண்ணை மூடிக்கொண்டு
என்னைவிட அதிக நேரம் கேட்டார்.
"நொண்டுகிறது," என்றார்.
"இந்த நடையில் வருகிற மிருகத்தை
நான் மேட்டில் ஏற்றமாட்டேன்."

மாத்திரை எழுதினேன்.
எத்தனை நாளைக்கு என்றார்.
நாள் கணக்கில்லை, தினமும், எப்போதும் என்றேன்.
சுவர் மெலியுமா?
மெலியலாம். ஒரு மில்லிமீட்டர், இரண்டு. வருடமாகும்.
மெலியாமலும் போகலாம்.
தேநீரில் உப்பு வேண்டாம். குருத்தும் வேண்டாம்.

கோட்டுப் பைக்குள் கைவிட்டு
வெயிலில் காய்ந்த உப்புத் தயிர் உருண்டை ஒன்றை எடுத்தார்.
மேசைமேல் வைத்தார்,
கத்தியை ஒப்படைப்பவர்போல.
ஜன்னல் வழியே பார்த்தேன். ஏறி உட்காரவில்லை.
கடிவாளத்தைப் பிடித்தபடி
குதிரையோடு நடந்துபோனார்.

அதற்குப் பிறகு பதினொரு பேர்.
ஹீட்டர் இரண்டு முறை நின்றது.
கைப்பட்டை என் மடியிலேயே கிடந்தது,
ஒரு முறையும் என் கையில் கட்டிப் பார்த்ததில்லை.
ஐந்து மணிக்குப் பசித்தது.
அந்த உருண்டையை வாயில் போட்டுக்கொண்டேன்.
நல்ல உப்பு.